மிஞ்சியிருப்பவர் வாழக்கூடிய ஊர்

ஓய்வுபெற்றதும் ஐரோப்பாவில் செலவு குறைந்த ஒரு சிற்றூரில் குடியேறப் போகிறோம் என்று சொன்னபோது, லண்டனில் எங்களைத் தெரிந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "யாழ்ப்பாணத்துக்கே போய்விடலாமே?" போகலாம்தான். ஆனால் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்பவருக்கு அது ஆண்டுதோறும், லண்டனில் இருப்பவருக்கு ஏறுவதுபோலவே, ஏறும். இலங்கையிலோ இந்தியாவிலோ குடியேறினால், போனபோது என்ன தொகையோ அதோடு நின்றுவிடும். போர் முடிந்த கையோடு ஊர் திரும்பிய என் அத்தான் இன்றும் அந்தக் காலத்துத் தொகையையே வாங்குகிறார். அங்கே தேங்காய் விலை மட்டும் அந்தக் காலத்தில் நிற்கவில்லை.

ஆகவே கடந்த இரண்டு குளிர்காலங்களில் நானும் மனைவியும் நான்கு ஊர்களில் தங்கிப் பார்த்தோம். போர்ச்சுகலில் தோமார், ஸ்பெயினில் ஷாத்திவா, இத்தாலியில் ஆத்ரி, கிரேக்கத்தில் நாஃப்ளியோ. வேண்டுமென்றேதான் ஜனவரியில் போனோம். ஜூன் மாதத்தில் தென் ஐரோப்பிய ஊர் எதுவும், பெண் பார்க்க வரும் நாளில் வீடு இருப்பதுபோலத்தான் இருக்கும். எல்லாம் துடைத்துவைத்த பளபளப்பு. கூரை ஒழுகுவது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

பல்கேரியாவை ஏன் விட்டீர்கள் என்று சிலர் கேட்டார்கள். வெலிகோ தர்னோவோவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள் ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். வருமான வரி 10 சதவீதம்தான். ஆனால் அங்கே மார்கழி என்றால் பனிப்பொழிவு. குளிருக்குப் பயந்து லண்டனை விடுகிறவர்கள் அதைவிடக் குளிரான இடத்துக்குப் போவதில் அர்த்தம் தெரியவில்லை. இத்தாலியில் 1 யூரோவுக்கு வீடு தருகிறார்களாமே என்றும் கேட்டார்கள். தருகிறார்கள், இடிந்த வீட்டை. குறிப்பிட்ட காலத்துக்குள் செப்பனிட வேண்டும் என்ற நிபந்தனையுடன். அறுபத்தாறு வயதில் கொத்தனார் பின்னால் அலைவதற்கு நான் ஓய்வுபெறவில்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். எல்லாரும் வாடகையிலும் காய்கறி விலையிலும் தொடங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கி, ஆறு மாதத்தை வீணடித்தோம். முதலில் பார்க்க வேண்டியது விசாவுக்கான வருமான வரம்பு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக எல்லையில் இந்தக் கணக்கைக் கணினியே வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. முத்திரை மங்கலாக விழுந்தது என்று சாக்குச் சொல்லும் காலம் போய்விட்டது. குடியேற வேண்டுமானால் உழைக்காமலே வரும் வருமானத்தைக் காட்டி விசா எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாடும் கேட்கும் தொகை ஏணிப்படிபோல் ஏறுகிறது.

2025ஆம் ஆண்டு அளவுகளின்படி போர்ச்சுகலில் டி-7 எனப்படும் அந்த வகை விசாவுக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியமான மாதம் 870 யூரோ போதும்; துணைவருக்கு அதில் பாதி கூடுதலாக வேண்டும். தம்பதிக்கு ஆண்டுக்கு 15,660 யூரோ ஆகிறது. ஸ்பெயின் விண்ணப்பதாரருக்கு மாதம் 2,400 யூரோவும் துணைவருக்கு 600 யூரோவும் கேட்கிறது, ஆண்டுக்கு 36,000. இத்தாலி தனி ஒருவருக்கே ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோ எதிர்பார்க்கிறது. துணைவருக்கு மேலும் ஐந்தில் ஒரு பங்கு. வெறும் சேமிப்பைக் காட்டினால் ஏற்பதில்லை, ஓய்வூதியம், வாடகை என்று தொடர்ந்து வரும் காசாக இருக்க வேண்டும். கிரேக்கம்தான் உச்சம். முன்பு மாதம் 2,000 என்றிருந்ததை 3,500 ஆக்கிவிட்டார்கள். துணைவருக்கு இன்னும் 20 சதவீதம். தம்பதிக்கு ஆண்டுக்கு 50,400 யூரோ.

எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? 2025–26இல் முழுமையான புதிய அரசு ஓய்வூதியம் வாரம் 230.25 பவுண்டு, ஆண்டுக்கு 11,973. இருவருக்கும் சேர்த்து, பவுண்டுக்கு 1.15 யூரோ என்று வைத்துக்கொண்டால், சுமார் 27,500 யூரோ. இரண்டு அரசு ஓய்வூதியங்களை மட்டும் நம்பும் தம்பதிக்கு இந்த நான்கில் திறந்திருப்பது போர்ச்சுகலின் கதவு ஒன்றுதான். வேலை பார்த்த இடத்திலிருந்து வரும் என்னுடைய சிறிய தொழில்முறை ஓய்வூதியத்தையும் சேர்த்தால் ஸ்பெயினின் படியைத் தொட்டுவிடுகிறோம். இத்தாலியில் நுனிவிரலில் நிற்க வேண்டும். கிரேக்கம் எட்டாக்கனி. எட்டாது என்று தெரிவதற்கு முன்பே நாஃப்ளியோவுக்குப் போய்வந்துவிட்டோம் என்பது தனிச் சோகம்.

பாரிஸிலோ டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்கு இந்த ஏணியே கிடையாது. சமாளிக்கப் போதிய வருமானமும் மருத்துவக் காப்பும் இருந்தால், ஒன்றியத்தின் எந்த ஊரிலும் போய்ப் பதிந்துகொள்ளலாம். சுவிஸ், நார்வே குடிமக்களுக்கும் அப்படியே. அவர்கள், கீழே ஊர்களைப் பற்றி நான் எழுதியிருப்பதை மட்டும் படித்தால் போதும். இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு அதே ஏணிதான். போர்ச்சுகலின் 870 யூரோ என்பது மாதம் ஏறக்குறைய 80,000 முதல் 90,000 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுச் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கிலும் அழகு என்று கேட்டால், யோசிக்காமல் நாஃப்ளியோ என்பேன். நவீன கிரேக்கத்தின் தொடக்ககாலத் தலைநகரம், 1834இல் ஏதென்ஸுக்கு மாறும்வரை. நாட்டின் முதல் ஆட்சித் தலைவர் கப்போதிஸ்திரியாஸ் 1831இல் அங்குள்ள தேவாலய வாசலில்தான் கொல்லப்பட்டார். கடலுக்குள் ஒரு குட்டிக் கோட்டை, தலைக்கு மேலே பாலமீதி என்ற பெருங்கோட்டை. அதற்கு 999 படிகள் என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் குறைவுதான் என்று சொல்பவர்களும் உண்டு. என் முழங்கால் இருநூறிலேயே தன் கருத்தைச் சொல்லிவிட்டது. ஏதென்ஸ்காரர்கள் வார இறுதியில் வந்து குவியும் ஊர் என்பதால் நான்கில் வாடகை அதிகமும் இங்கேதான். ரயில் கிடையாது, எல்லாவற்றுக்கும் பஸ். கிரேக்கத்தின் வரிச்சலுகை என்னவோ தாராளமானது: வெளிநாட்டு ஓய்வூதியருக்கு 15 ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் 7 சதவீதம் மட்டுமே. எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இத்தாலியும் 2019 முதல் அதே 7 சதவீதத்தைப் பத்தாண்டுகளுக்குத் தருகிறது. ஆனால் தென்பகுதி மாநிலங்களின் சிறிய ஊர்களில் குடியேற வேண்டும். தொடங்கியபோது வைத்த வரம்பு 20,000 மக்கள். இளைஞர்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர்களைக் கிழவர்களைக் கொண்டு நிரப்பும் திட்டம் என்று சொல்லலாம். ஆத்ரி அப்படிப்பட்ட ஊர். அப்ரூட்சோ மாநிலத்தில், ஏட்ரியாடிக் கடலிலிருந்து சிறிது உள்ளே தள்ளி, குன்றின்மேல் இருக்கிறது. சுமார் 10,000 பேர். இவ்வளவு சிறிய ஊரிலும் மருத்துவமனை இருக்கிறது. வாடகை நான்கு ஊர்களிலும் குறைவு. இங்கே பெயர்போனது அதிமதுரம். மிட்டாயாக, குச்சியாக, கறுப்பு வில்லையாக. பாட்டி இருமலுக்கு இடித்துக் கொடுத்த அந்தச் சுவையை அப்ரூட்சோ மலையில் எதிர்பார்க்கவில்லை. என் மனைவி இரண்டு பை வாங்கிக்கொண்டார்.

ஆத்ரியின் குறை ஒரே வார்த்தையில்: கார். ரயில் நிலையம் கீழே கடற்கரையில், பினேத்தோவில் இருக்கிறது. மேலே ஏற பஸ் உண்டு, ஆனால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நேரத்துக்கு ஓடும் பஸ். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு, நல்ல ஓய்வூதியம் வருபவருக்கு, நான் கைகாட்டுவது ஆத்ரிதான். அந்த 7 சதவீதம் பெரிய ஓய்வூதியத்துக்குத்தான் பெரிய லாபம். எங்களைப்போல் சிறிய தொகை வாங்குபவர்களுக்குச் சாதாரண வரி விகிதத்திலும் அதிகம் போவதில்லை. 7 சதவீதம், 7 சதவீதம் என்று ஒரு வருடம் நான் ஜபித்தது வீண்.

இந்த இடத்தில் போர்ச்சுகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு அங்கே வரியே இல்லை என்று சொல்லும் காணொளிகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. 2009இல் தொடங்கிய அந்தச் சலுகை 2020இல் 10 சதவீதமாக மாறி, 2023 இறுதியோடு புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. பின்னர் வந்த திட்டம் ஓய்வூதியத்தைச் சேர்ப்பதில்லை. இப்போது போகிறவருக்கு வருமானம் ஏற ஏற ஏறும் வழக்கமான வரிதான். ஸ்பெயினிலும் அப்படியே. கூடவே இன்னொன்று: பிரிட்டனில் ஓய்வூதிய நிதியிலிருந்து வரியில்லாமல் எடுக்கும் 25 சதவீதத்துக்கு ஸ்பெயினில் வரி உண்டு. எடுப்பதானால் குடிபெயர்வதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

ஷாத்திவா என் மனைவியின் ஊர். அதாவது, இறங்கிய அன்றே அவர் தேர்ந்துகொண்ட ஊர். வலேன்சியாவிலிருந்து தெற்கே, புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சுமார் 30,000 மக்கள். ஐரோப்பாவில் முதன்முதலில் காகிதம் செய்த ஊர்களில் ஒன்று. போர்ஜியா குடும்பத்துப் பாப்பரசர்கள் பிறந்த வட்டாரம். ஊரின் குணத்தைப் புரிந்துகொள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும். 1707இல் ஊரை எரித்த மன்னர் ஐந்தாம் பிலிப்பின் படத்தை அங்கே தலைகீழாக மாட்டிவைத்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளாகியும் கோபம் ஆறாத ஊர். எனக்குப் பிடித்துவிட்டது, நம்மூர்க் கோபம்போல் இருக்கிறது என்று.

மனைவிக்குப் பிடித்தது வேறு. சோறு. இந்த ஊரின் சொந்தச் சாப்பாடு மண்சட்டியில் அடுப்புக்குள் வைத்து வேகவைத்த சோறு. கொண்டைக்கடலையும் முழுப் பூண்டும் போட்டு. இறைச்சியை விட்டுவிட்டுச் செய்துதரச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் செய்கிறார்கள். கடைவீதி சமதரை, காய்கறிச் சந்தை, மருந்துக்கடை, ரயில் நிலையம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். முழு வசதியுள்ள மருத்துவமனை ஊரின் ஓரத்தில். மஞ்சள்தூள், கறிவேப்பிலை என்று தேடினால் வலேன்சியாவில் ஆசியக் கடைகள் இருக்கின்றன. ஒரு தொல்லை: இங்கே ஸ்பானிய மொழியோடு வலேன்சிய மொழியும் புழங்குகிறது. அலுவலகக் கடிதம் ஒன்றில், அறிவிப்புப் பலகை மற்றொன்றில். இரு மொழிக் கொள்கை நமக்குப் புதிதல்ல என்றாலும் அறுபத்தாறு வயதில் இரண்டையும் சேர்த்துப் படிப்பது பாரம்தான்.

தோமார் என் ஊர். லிஸ்பனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பாதை அங்கேயே முடிகிறது, ஆகவே தூங்கிவிட்டாலும் ஊர் தவறாது. நடுவே நபாவ் ஆறு, மேலே குன்றில் கிறிஸ்து சபையின் மடம். 1160இல் தெம்ப்ளர் வீரத்துறவிகள் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பின்னாளில் அவர்களின் வாரிசாக வந்த கிறிஸ்து சபையின் சிவப்புச் சிலுவையைத்தான் வாஸ்கோ ட காமாவின் கப்பல் பாய்களில் வரைந்திருந்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கீசர் வீழ்த்தினார்கள் என்று பள்ளியில் படித்த எனக்கு, அந்தச் சிலுவையின் வீட்டுக்கே ஓய்வூதியத்தோடு போய் நிற்பது விசித்திரமாக இருந்தது. மடத்தில் உலகப் புகழ்பெற்ற, கயிறும் பவளமும் கடல் செடியுமாகச் செதுக்கிய கல் ஜன்னல் ஒன்று இருக்கிறது. வழிகாட்டி அதைக் காட்டி "ஜனேலா" என்றார். நான் "ஜன்னல்" என்றேன். அவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். மேசை, சாவி, அலமாரி, துவாலை எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை என்பதால், மொழி வகுப்பில் முதல் நாளே எனக்கு நல்ல பெயர்.

மேடு மடத்துக்குத்தான், ஊர் தட்டையாக இருக்கிறது. வாடகை ஷாத்திவாவை ஒட்டியதுதான், சற்று முன்பின். கிழக்கு லண்டனில் ஓர் அறைக்குக் கொடுப்பதில் இரண்டு அறையும் பால்கனியும். இனிக் குறைகள். ஜனவரியில் தோமார் வீடுகளுக்குள் இருக்கும் குளிர் வெளியில்கூடக் கிடையாது. கல்சுவர், மைய வெப்ப வசதி இல்லை, ஈரம். நாங்கள் எடுத்த வீட்டில் படுக்கை விரிப்பு தொட்டால் பிசுபிசுத்தது. நான்காம் நாள் சுவரில் பூஞ்சணம் பூத்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால் ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்றார். இரவு மேல்கோட்டோடு உட்கார்ந்து ரசம் குடித்தோம். அடுத்து மருத்துவம். தோமாரில் மருத்துவமனை உண்டு, ஆனால் அது அப்ரான்தெஸ், தொர்ரெஸ் நோவாஸ் ஆகிய பக்கத்து ஊர் மருத்துவமனைகளோடு துறைகளைப் பங்கிட்டுக்கொள்கிறது. இதயத்துக்கு ஓர் ஊர், கண்ணுக்கு வேறு ஊர் என்று அலைய நேரலாம். நாடு முழுவதும் குடும்ப மருத்துவர் கிடைக்காமல் 15 லட்சம் பேருக்கு மேல் காத்திருக்கிறார்கள். இந்த ஒப்பீட்டில் ஷாத்திவா தெளிவாக வெல்கிறது.

மருத்துவச் செலவைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குபவருக்கு நான்கு நாடுகளிலும் ஒரே நிலைதான். எஸ்-1 என்ற பத்திரத்தைப் பெற்றுப் பதிந்துகொண்டால், உள்ளூர் மக்களுக்குக் கிடைக்கும் அரசு மருத்துவம் கிடைக்கும். செலவை பிரிட்டன் கொடுக்கும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இது தொடர்கிறது.

இயற்கைச் சீற்றம் எல்லாப் பக்கமும் உண்டு. 2017 ஜூனில் 66 பேரைக் கொன்ற பெத்ரோகாவ் காட்டுத்தீ தோமாருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில்தான் எரிந்தது. அப்ரூட்சோவில் 2009இன் லாக்விலா நிலநடுக்கம். வலேன்சியாவில் 2024 அக்டோபர் வெள்ளம், 220க்கும் மேற்பட்ட உயிர்கள். யூகலிப்டஸ் தோப்புக்கு நடுவே மலிவாகக் கிடைக்கும் பண்ணை வீட்டை எடுக்காமல் ஊருக்குள் வாடகைக்கு இருப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

இதுவரை இருவர் கணக்கு. ஒரு நாள் இரவு என் மனைவி கேட்டார்: "நீங்கள் போய்விட்டால் நான் இங்கே என்ன செய்வேன்?" அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அப்போதுதான் ஆத்ரி போயிற்று. பிறகு அவரே, "எங்கே எரிப்பார்கள்?" என்று கேட்டார். இதை யாரும் எந்த ஒப்பீட்டிலும் எழுதியதில்லை. கிரேக்கத்தில் முதல் எரியூட்டு நிலையம் 2019இல்தான் திறந்தது. ஏதென்ஸுக்கு வடக்கே ரிட்சோனாவில். நாஃப்ளியோவிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். விசாவே எட்டாத ஊரில் சுடுகாடு எட்டாததைப் பற்றி வருந்துவானேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் எரிப்பது சாதாரண வழக்கமாகிவிட்டது. லிஸ்பனில் குஜராத்திகள் நடத்தும் ராதா கிருஷ்ணர் கோயிலும் இருக்கிறது, ஐயரைக் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மறுநாள் காலை மறுபடியும் கணக்குப் போட்டேன். புதிய அரசு ஓய்வூதியம் பெரும்பாலும் வாங்கியவரோடு முடிந்துவிடும், மிஞ்சியிருப்பவருக்கு வராது. என் மனைவி தனித்துவிட்டால் அவருடைய வருமானம் ஆண்டுக்குச் சுமார் 13,750 யூரோவும் என் தொழில்முறை ஓய்வூதியத்தில் பாதியும். ஸ்பெயினில் தனி ஒருவர் அனுமதியைப் புதுப்பிக்க 28,800 காட்ட வேண்டும். நிரந்தர வசிப்புரிமை கிடைக்க ஐந்து ஆண்டுகள். அதற்குள் நான் போய்விட்டால், சோறும் சந்தையும் சமதரையும் பிடித்த அந்த ஊரை விட்டு, கணவனை இழந்த கையோடு அவர் வெளியேற வேண்டியிருக்கும். போர்ச்சுகல் 2025 அளவின்படி தனி ஒருவரிடம் கேட்டது 10,440. அவருடைய சொந்த ஓய்வூதியமே அதைத் தாண்டுகிறது.

ஷாத்திவாவே மேல் என்று சொன்னவரும் தோமாருக்கு ஒப்புக்கொண்டவரும் ஒருவர்தான். இரண்டு நிபந்தனைகள் போட்டார்: வடக்குப் பார்த்த வீடு கூடாது, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் கட்டிலுக்கு முன்பே வீட்டுக்குள் வர வேண்டும். விசாவுக்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். தோமாரில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலையில் தட்டு விழா நடக்கும். பெண்கள் தங்கள் உயரத்துக்கு அடுக்கிய ரொட்டிகளையும் காகிதப் பூக்களையும் தலையில் சுமந்து தெருத்தெருவாக ஊர்வலம் போவார்கள். படத்தைப் பார்த்த என் மனைவி, "கரகம்" என்றார். அடுத்தது 2027இல். அந்த ஊர்வலம் போகும் தெருவிலேயே வீடு பார்க்கச் சொல்கிறார்.